பாம்பை விடுங்க, ஆளைப் பாருங்க கண்ணு

மதுக்கரைச் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வாளையார் மலையடிவாரம் வரை தோப்பும் சோளக்காடுமான ஊர் இது. பாம்புக்கடி உங்கள் வாசலுக்கு வந்தே தீரும்.

1. "என்ன பாம்புங்க?" என்று கேளுங்கள், பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அடித்துக் கொண்டுவரச் சொன்னால் இன்னொருவரும் கடிபடுவார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதை ஏற்றுவதா என்பதை ஆளின் உடம்பில் தெரியும் அறிகுறிதான் முடிவு செய்யும்.

2. எனக்கு இன்றைக்கும் பயம் கட்டுவிரியனிடம்தான். தோட்டத்துச் சாளையில் பாய் விரித்துத் தூங்குபவரை ராத்திரியில் கடிக்கும். பெரும்பாலும் வீக்கம் இருக்காது, வலி இருக்காது, பல்தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வருவார். "நேத்துச் சாப்பிட்டது சேரலைங்க" என்பார்கள் வீட்டார். தரையில் படுத்தாரா என்று உடனே கேளுங்கள். இமையைப் பாருங்கள். அது தொங்கினால் அடுத்து பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். மூச்சுப் பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அசைவற்றுக் கிடந்தாலும் நாம் பேசுவது அவர் காதில் விழலாம். "முடிஞ்சு போச்சு" என்று யாரையும் அங்கே சொல்லவிடாதீர்கள். மூச்சுக் கொடுத்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால் எழுந்து நடப்பார்.

3. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் வலியும் வீக்கமும் வரும், ஈறில் ரத்தம் கசியும். கண்ணாடி விரியன் என்றால் சிறுநீரகமும் கெடும். சிறுநீரின் அளவையும் நிறத்தையும் குறித்து வையுங்கள். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒருமுறை சாயுங்கள். உறையாமல் ஓடினால் டாக்டரிடம் ஓடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் பொய் சொல்லும்.

4. குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே. பாம்பு ஆளின் எடை பார்த்து விஷம் இறக்குவதில்லை. ஏற்றும் முன் அட்ரினலின் ஊசியை எடுத்துத் தயாராக வையுங்கள். ஒவ்வாமை சில நிமிடத்திலேயே வரும். அந்த விஷமுறிவு மருந்துக் குப்பி உருவாக, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிருள்ள பாம்பிலிருந்து விஷம் எடுத்துத் தருகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

5. இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தால் கட்டைப் படக்கென்று அவிழ்க்காதீர்கள். டாக்டர் பக்கத்தில் இருக்க, மருந்து தயாரானபின் அவிழ்க்கலாம். கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ கூடாது.

6. மலையோரக் குழிவிரியன்களின் விஷத்துக்கு நம் மருந்து கேட்காது. அவை கடித்தவர்களைத் தாமதிக்காமல் கோவைக்கு அனுப்புங்கள்.

7. 2024 நவம்பர் முதல் பாம்புக்கடியை அரசுக்கு அறிவிப்பது தமிழ்நாட்டில் கட்டாயம். பிழைத்தவரையும் இறந்தவரையும் விடாமல் பதியுங்கள். எண்ணிக்கை இல்லாத ஊருக்கு மருந்தும் குறைவாகத்தான் வரும்.

8. வீட்டுக்கு அனுப்பும்போது, ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால் திரும்ப வரச் சொல்லுங்கள். கட்டிலில் படுக்க வேண்டும், கொசுவலையைப் பாய்க்கடியில் செருக வேண்டும், கட்டுத்தாரைக்கு டார்ச் இல்லாமல் போகக் கூடாது. இதை அந்த வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள், அவர்கள்தான் செய்துமுடிப்பார்கள்.