தானியங்கிக் கியர்ப் பெட்டியில் கியர் மாறும் நேரம்

கிளச்சு மிதியைக் காலால் அழுத்திக் கியரைக் கையால் மாற்றும் வண்டியில், ஒரு கியர் முற்றிலும் விடுபட்ட பிறகே மற்றொன்று சேருகிறது. தானியங்கிக் கியர்ப் பெட்டியில் அவ்வாறன்று. எஞ்சினின் இழுவை அறுபடாதிருக்கும்போதே முன்னைய கியரைப் பிடித்திருந்த உறுப்பு விட, அடுத்த கியருக்குரிய கிளச்சு பிடிக்க வேண்டும். அக்கிளச்சு உடனே இறுகிவிடுவதில்லை. சிறிது வழுக்கிய பின்னரே இறுகுகிறது. ஒரு வினாடிக்கும் குறைவான அந்நேரத்தைப் பொறுத்தே பயணத்தின் சுகமும், பெருமளவில் பெட்டியின் ஆயுளும் அமைகின்றன. பாரம் இழுக்கும் வண்டிகளிலும் பந்தய வண்டிகளிலும் இந்நேரத்தைக் குறைத்துக் கியர் மாற்றத்தை உறுதியாக்கும் வழக்கம் அமெரிக்காவில் நெடுநாளாக உண்டு. அதன் விஞ்ஞான அடிப்படையும் எல்லையும் இங்கு விளக்கப்படுகின்றன.

அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஹைட்ரமாட்டிக் என்னும் நான்கு வேகத் தானியங்கிக் கியர்ப் பெட்டியை 1940-ஆம் மாதிரி ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அமைத்தனர். அதே கம்பெனியார் 1969-இல் வெளியிட்ட டர்போ ஹைட்ரமாட்டிக் 350 என்னும் மூன்று வேகப் பெட்டி இப்பாடத்துக்கு ஏற்ற உதாரணமாகும். அதன் அமைப்பு எளியது; கட்டுப்பாடு முழுவதும் எண்ணெய் அழுத்தத்தாலேயே நடப்பது. அதன் கியர் விகிதங்கள் 2.52, 1.52, 1.00 ஆகும்.

பெட்டிக்குள் கோள் பற்சக்கரத் தொகுதிகள் எப்போதும் இணைந்தே சுழல்கின்றன. எதைப் பிடித்து நிறுத்துவது, எதை எதனோடு இணைப்பது என்பதே கியரை நிர்ணயிக்கிறது. அவ்வேலையைச் செய்பவை எண்ணெயில் தோய்ந்த கிளச்சுகள். ஒவ்வொன்றிலும் எஃகுத் தகடுகளும், காகித நார் ஒட்டிய உராய்வுத் தகடுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். எண்ணெய் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, தகடுகள் நெருங்கிப் பிடிக்கும். இவற்றுக்குத் துணையாக ஒருவழிக் கிளச்சுகளும் உண்டு. சைக்கிளின் பின்சக்கரத்திலுள்ள ஃப்ரீவீலைப் போல, இவை ஒரு திசையில் பிடித்து மறு திசையில் தாமே விட்டுவிடும்.

வண்டி இரண்டாம் கியரில் செல்கையில் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்க. மூன்றாம் கியர் விழுந்ததும், வண்டியின் வேகம் மாறாத நிலையில், எஞ்சின் 4000-ஐ 1.52-ஆல் வகுத்த ஈவுக்கு, அதாவது ஏறத்தாழ 2630 சுற்றுக்கு, இறங்கியாக வேண்டும். குறைய வேண்டிய 1370 சுற்று, வினாடிக்கு 143 ரேடியன் ஆகும். வேகம் இவ்வாறு இறங்கி முடியும் வரை கிளச்சு வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கும்போது எழும் உஷ்ணத்துக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று, எஞ்சின் அந்நேரத்திலும் ஓயாமல் தரும் திருப்பு விசையால் வருவது. இது நேரத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். மற்றது, எஞ்சினின் சுழலும் பாகங்கள் வேகம் இழப்பதால் வெளிப்படும் இயக்க ஆற்றல். நேரத்தை எவ்வளவு குறைத்தாலும் இது குறையாது.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினின் திருப்பு விசை 300 நியூட்டன்-மீட்டர் என்றும், சுழலும் பாகங்களின் சடத்துவத் திருப்புத்திறன் 0.3 கிலோகிராம் சதுர மீட்டர் என்றும், வேகம் சீராக இறங்குகிறது என்றும் கொண்டால், முதற் பகுதி 300, 143, நேரம் ஆகியவற்றின் பெருக்கத்தில் பாதியாகும். இரண்டாம் பகுதி 0.3-ஐ 143-இன் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கிய தொகை. அதாவது சுமார் 3,070 ஜூல். கியர் மாற 0.8 வினாடி ஆனால் மொத்த உஷ்ணம் சுமார் 20,200 ஜூல். 0.4 வினாடியானால் 11,600, 0.2 வினாடியானால் 7,400, 0.1 வினாடியானால் 5,200. முதலில் பாதியாக்கியதில் 8,600 ஜூல் மிச்சமாயிற்று. கடைசியில் பாதியாக்கியதில் மிச்சமானது 2,100 ஜூல் மட்டுமே. இவ்வுஷ்ணம் முழுவதும் 1 கிலோகிராம் எஃகுத் தகடுகளில் சேர்வதாகக் கொண்டால், 0.8 வினாடி மாற்றத்தில் அவை ஏறத்தாழ 42 டிகிரி சூடேறும், 0.4 வினாடி மாற்றத்தில் 24 டிகிரி. பாரம் இழுத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறும் வண்டியில் கியர் அடிக்கடி மாறும். தகடுகள் ஆறுவதற்குள் அடுத்த சூடு வந்து சேரும். காகித நார் கருகுவதும் எண்ணெய் கெடுவதும் இதனாலேயே.

ஆனால் வேகமாக இறங்கும் எஞ்சின் தன் ஆற்றலைச் சக்கரங்களின் பக்கமும் தள்ளுகிறது. இந்த அதிகத் திருப்பு விசை நேரத்துக்கு எதிர் விகிதத்தில் வளரும். மேற்கூறிய எண்களின்படி 0.8 வினாடியில் அது 54 நியூட்டன்-மீட்டர்; 0.4-இல் 107; 0.2-இல் 214, 0.1-இல் 429. மூன்றாம் கியரில் தண்டு தாங்க வேண்டியது 300 மட்டுமே; 0.1 வினாடி மாற்றத்திலோ அது கணநேரம் 729-ஐத் தாங்க வேண்டும். இரண்டாம் கியரில் இருந்த 456-ஐக் காட்டிலும் இது மிகுதி. பயணிகள் முதுகில் உணரும் உதை இதுவே. 0.4 வினாடியைத் தாண்டி விரைவுபடுத்துவோர், சிறிதளவு உஷ்ணத்தை மிச்சப்படுத்தப் பெரும் அதிர்ச்சியை விலையாகக் கொடுக்கின்றனர்.

நேரத்தைக் குறைக்கும் வழிகள் மூன்று. முதலாவது, வால்வுத் தொகுதிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இடைத் தகட்டில், கிளச்சுக்கு எண்ணெய் செல்லும் சிறு துளையைப் பெரிதாக்குவது. துளையின் விட்டத்தை 1.4 மடங்காக்கினால் பரப்பும் பாய்ச்சலும் ஏறக்குறைய இரு மடங்காகும். அழுத்தத்தை இரு மடங்காக்கினாலோ பாய்ச்சல் 1.4 மடங்கே ஆகும். ஆகவே துளை விஷயத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசமும் பெரியது. துளைக்கருவியைச் சிறியதாகத் தேர்ந்து தொடங்குவதே நன்று. பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க இயலாது, புதுத் தகடே வாங்க வேண்டும்.

இரண்டாவது வழி அக்குமுலேட்டரைச் சார்ந்தது. இது கிளச்சுக்குச் செல்லும் பாதையில் கிளையாக அமைந்த ஒரு பிஸ்டனும் சுருள்வில்லுமாகும். கிளச்சுக்கு வரும் எண்ணெயில் ஒரு பங்கை இது தன்னுள் வாங்கிக்கொள்வதால், கிளச்சின் அழுத்தம் சற்று நேரம் தாழ்ந்தே நிற்கிறது. மிருதுவான மாற்றத்துக்குக் காரணம் இதுதான். இங்கு வலிய சுருள்வில்லை இடலாம். இதனை அறவே அடைத்துவிடுவோரும் உண்டு. தெருவில் ஓடும் வண்டிக்கு அது தகாது.

பள்ளியில் இதை எளிதில் காட்டலாம். ஊசி நீக்கிய இரண்டு மருந்தேற்றும் குழல்களை ரப்பர்க் குழாயால் இணைத்து, நீர் நிரப்பி, நடுவே ஒரு கிளையில் பலூனைக் கட்ட வேண்டும். ஒரு குழலின் தண்டை அழுத்தினால் முதலில் பலூன் உப்பும். எதிர்க்குழலின் தண்டு மேல் சிறு பாரம் இருந்தால் அது பிறகே எழும். பலூனின் கழுத்தை விரலால் நெரித்து அழுத்தினால் பாரம் சட்டென்று எழும். கிளையற்ற குழாயில் சிறு துளையுள்ள அடைப்பைப் பொருத்தியும் பார்க்கலாம்; பாரம் மெல்ல எழுவதை மாணவர் காண்பர்.

மூன்றாவது வழி, சீராக்கும் வால்வின் சுருள்வில்லை மாற்றிப் பொது அழுத்தத்தை உயர்த்துவது. இதனால் கிளச்சின் இறுதிப் பிடியும் வலுப்படும். ஆயினும் பம்பு சுழலும் நேரமெல்லாம் அதிக வேலை செய்ய வேண்டியிருப்பதால் எஞ்சினின் ஆற்றல் சிறிது வீணாகிறது. முத்திரை வளையங்கள் மீதும் பளு கூடுகிறது. டர்போ ஹைட்ரமாட்டிக் 350-இல் எஞ்சின் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றுவது ஒரு வெற்றிட மாடுலேட்டர். எஞ்சினிலிருந்து அதற்கு வரும் ரப்பர்க் குழாய் கழன்றாலோ வெடித்தாலோ, எஞ்சின் முழுச் சுமையில் இருப்பதாகவே பெட்டி கொள்ளும். கியர் தாமதமாகவும் உதையுடனும் மாறும். மாடுலேட்டரின் உட்சவ்வு கிழிந்தால் பெட்டியின் எண்ணெய் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டுப் புகையாக வெளியேறும். உதை என்று புகார் வரும் வண்டியில் இக்குழாயை முதலிலே பார்ப்பது வீண் செலவைத் தவிர்க்கும்.

தேய்ந்த பெட்டிக்கு இம்மாற்றங்கள் மருந்தல்ல. அளவுகோலை உருவிப் பார்க்கையில் எண்ணெய் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறிக் கருகல் நாற்றம் வீசுமானால், தகடுகள் ஏற்கெனவே எரிந்துள்ளன; பெட்டியைப் பிரித்துத் தகடுகளை மாற்றாமல் துளையைப் பெரிதாக்குவதில் பயனில்லை. நல்ல பெட்டியிலும் தூய்மை இன்றியமையாதது. துணியின் ஓர் இழை வால்வில் சிக்கினாலும் கியர் மாறாது நிற்கும். வழிகளிலுள்ள சிறு எஃகுக் குண்டுகள் ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே திரும்ப அமைய வேண்டும்.

இம்மாற்றத்துக்குப் பிறகு முதலில் முறிவது கிளச்சுத் தகடாக இருப்பது அரிது. டர்போ ஹைட்ரமாட்டிக் 350-இல் இரண்டாம் கியருக்குத் துணை நிற்கும் ஒருவழி உருளைக் கிளச்சு பலவீனமான உறுப்பெனப் பெயர்பெற்றது. அது தாங்கினால் அதிர்ச்சி உந்து தண்டின் இணைப்புகளுக்கும் பின் அச்சுக்கும் செல்லும். ஈரச் சாலையில் வளைவில் திரும்பும்போது உதையுடன் கியர் மாறினால் பின்சக்கரங்கள் பிடி இழந்து வண்டி சறுக்கவும் கூடும்.

எண்ணெயின் குணமும் கணக்கில் சேரும். வழுக்கல் முடியும் தறுவாயில் உராய்வு திடீரென ஏறாதிருக்க எண்ணெயில் சில பொருள்கள் கலக்கப்படுகின்றன. முற்காலத்தில் அமெரிக்காவில் அதற்குத் திமிங்கில எண்ணெய் பயன்பட்டது. அங்கு 1970-களின் தொடக்கத்தில் அது விலக்கப்பட்ட பின் வேறு பொருள்கள் தேடப்பட்டன. உறுதியான மாற்றத்துக்காக வேறு வகை எண்ணெயை ஊற்றுவது சிலர் வழக்கம். தகடும் எண்ணெயும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவையாதலால், பெட்டிக்குக் குறித்த எண்ணெயையே இடுவது நலம்.

மின்னணுக் கட்டுப்பாடு வந்த பிற்காலப் பெட்டிகளில் வேறொரு வழியும் கிடைத்துள்ளது. கியர் மாறும் கணத்தில் எஞ்சினின் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளித் திருப்பு விசையையே குறைத்துவிடுகின்றனர். முன்னைய கணக்கில் 300 என்பது அக்கணத்துக்கு 150 ஆயிற்றென்றால், 0.4 வினாடி மாற்றத்தில் உஷ்ணம் 11,600 ஜூலிலிருந்து சுமார் 7,400 ஜூலுக்கு இறங்கும். துளையைப் பெரிதாக்கி 0.2 வினாடியில் பெற்ற அதே பலன் அதற்குரிய உதையின்றி இங்கே கிடைக்கிறது.