கருவறைப் படமும் தாயின் கலக்கமும்

கருவுற்ற தாய்மார்கள் காலந்தவறாது மருத்துவச் சோதனைக்குச் செல்லும் நற்பழக்கம் நம் தோட்டப்புறங்களில் வேரூன்றியுள்ளது. அச்சோதனைகளுள் ஒன்று ஒலியலைப் படம். மக்கள் இதனை ‘ஸ்கேன்’ என வழங்குவர். குழந்தையைக் கண்ணாரக் காணும் ஆவலுடனேயே பலர் அங்குச் செல்கின்றனர். ஆயினும் ஒரு சிலரிடம், “இங்கே ஒன்று தெரிகிறது, மீண்டும் பார்க்க வேண்டும்” என்று மருத்துவர் கூற நேரிடுகிறது. அச்சொல் கேட்ட அளவில் தாயின் உள்ளம் நடுங்குகிறது. கணவரும் செய்வதறியாது நிற்கிறார். அவ்வேளையில் அறிய வேண்டுவனவும் செய்ய வேண்டுவனவும் யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

தேக்காவின் தாய்மை இல்லம்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கும் தேக்காச் சந்தைக்கும் அண்மையில், புக்கிட் தீமா சாலையில் அமைந்துள்ளது கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை. கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில், என்னும் பழைய இடப்பெயரே ‘கே.கே.’ என்று சுருங்கிற்று. 1858ஆம் ஆண்டில் பொது மருத்துவமனையாகத் தோன்றிய இது, 1924இல் மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் இங்குப் பிறந்தன. இங்குப் பணியாற்றிய மகப்பேற்று மருத்துவர் பெஞ்சமின் ஷியர்ஸ், 1971இல் சிங்கப்பூரின் அதிபரானார். 1997இல் மருத்துவமனை இன்றைய கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது.

கருவின் 18 முதல் 22 வாரங்களுக்குள், உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் விரிவான ஸ்கேன் அங்கு வழக்கமாகச் செய்யப்படுகிறது. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியலைகள் வயிற்றினுள் சென்று, எதிரொலித்துத் திரும்பிப் படமாகின்றன. இஃது எக்ஸ்ரே கதிர் அன்று. உலோகத்தின் உட்குறையைக் கண்டறியப் பயன்பட்ட கருவியைத் தழுவி, ஸ்காட்லாந்து மருத்துவர் இயன் டொனால்டும் அவர்தம் துணைவரும் 1958இல் இம்முறையை மருத்துவ உலகிற்கு அறிவித்தனர்.

ஐயம் வேறு, முடிவு வேறு

பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு இருக்கும் என விரைவில் மதிப்பிடுவதை நாம் அறிவோம். சரியான அளவைக் கூற, பாலை உறையவைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனில் தோன்றும் பல அடையாளங்களும் முதல் மதிப்பீடு போன்றவையே. அவை தீர்ப்பு ஆகா.

எடுத்துக்காட்டாக, 20ஆம் வாரத்தில் நஞ்சுக்கொடி கருப்பையின் வாயருகே தாழ்ந்திருப்பதாகக் கூறப்படலாம். கருப்பை வளர வளர, பத்தில் ஒன்பது தாய்மாருக்கு அது பேறுகாலத்திற்கு முன் மேலேறிவிடும். கருவின் மூளையில் சிறு நீர்க்கட்டி தெரிவதும் உண்டு. நூறு கருக்களில் ஒன்று அல்லது இரண்டில் காணப்படும் இது, வேறு குறைகள் இல்லாதபோது பெரும்பாலும் தானே மறைந்துவிடும்.

எனினும், எல்லாம் தானே சரியாகிவிடும் என்று வாளாவிருத்தல் கூடாது. உலகில் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்றுக்குக் குறிப்பிடத்தக்க பிறவிக்குறை உண்டு. பிளவுபட்ட உதட்டையும், இதயக் குறைகள் பலவற்றையும் பிறந்தபின் அறுவை மருத்துவத்தால் சீர்செய்யலாம். முன்னரே தெரிந்தால், தக்க வசதியுள்ள மருத்துவமனையில் பேறு நிகழ ஏற்பாடு செய்ய இயலும்.

செய்ய வேண்டுவன

1. மறு சோதனைக்குக் குறித்த நாளைத் தவறவிடாதீர். ஒரு நாள் கூலி போகுமே என்று எண்ணற்க.

2. கணவர் அல்லது தாயார் உடன் செல்லட்டும். கலங்கிய மனத்தில் மருத்துவர் சொற்கள் தங்கா. கண்டது என்ன, அதன் பெயர் என்ன, அடுத்த சோதனை எப்போது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்க. மொழி விளங்காவிடில் தமிழறிந்த தாதியின் உதவியை நாடுக.

3. பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கலாம் எனக் கூறப்பட்டால், பயனையும் இடரையும் ஒருங்கே கேட்டறிக. இச்சோதனை 15 வாரங்களுக்குப் பின் செய்யப்படுவது. இதனால் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. செய்துகொள்வதும் தவிர்ப்பதும் பெற்றோரின் விருப்பம்.

4. நஞ்சுக்கொடி தாழ்ந்துள்ளவர், வலியின்றி இரத்தம் சிறிது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்க. விடியட்டும் எனக் காத்திருத்தல் உயிருக்கே இடராகும்.

பழி வேண்டா

“கிரகணத்தன்று வெளியே போனாள், அதனால்தான் உதடு பிளந்தது” என்று லயத்தில் சிலர் கூறுவர். இதற்கு யாதோர் ஆதாரமும் இல்லை. பல குறைகளுக்குக் காரணம் இன்னதென எவராலும் சுட்ட இயலாது. புண்பட்ட தாயை மேலும் புண்படுத்துவதால் பயன் யாது? அடுத்த கருவிற்கு நாம் செய்யக்கூடியது வேறு: தண்டுவடக் குறையைத் தடுக்க, கருவுறுவதற்கு முன்பிருந்தே 12 வாரம் வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை உட்கொள்ளுதல். முன் குழந்தைக்கு அக்குறை இருந்திருப்பின், அதிக அளவு தேவைப்படும், மருத்துவரைக் கேட்டறிக. கருவுற்றோர் களைக்கொல்லி தெளிக்கும் வேலையையும் தவிர்த்தல் வேண்டும்.

சில வேளைகளில், குழந்தை பிழைப்பது அரிது என்னும் கொடிய செய்தியும் வரக்கூடும். அப்போது எவ்வழியில் செல்வது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுப் பெற்றோர் இருவரும் கூடி முடிவு செய்க. அழுகையை அடக்க வேண்டுவதில்லை. உறக்கமும் உணவும் பல நாள் கெட்டால், அதனையும் மருத்துவரிடம் கூறுக. மனத்தின் நோவுக்கும் மருத்துவமனையில் உதவி உண்டு.

ஸ்கேன் அச்சுறுத்த வந்ததன்று. வருவதை முன்கூட்டி உரைத்து, ஆயத்தம் செய்யக் காலம் தருவது. அக்காலத்தைத் தாய் தனியே அழுது கழிக்க விடாமல், குடும்பத்தார் அனைவரும் உடனிருந்து துணைபுரிவாராக.