சா சான் டெங் – ஹாங்காங் தொழிலாளியின் டீக்கடை

சைனீஸ் ஹோட்டல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பிரைடு ரைஸும் நூடுல்ஸும்தான். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. ஹாங்காங்கில் தெருவுக்குத் தெரு இருக்கிற ஒரு வகை டீக்கடையைப் பற்றி. பெயர் 'சா சான் டெங்'. சா என்றால் தேநீர், சான் என்றால் சாப்பாடு, டெங் என்றால் கூடம். இந்தச் 'சா'தான் மலையாளக் கரையில் 'சாயா' ஆனது. சீனாவின் புகியன் பகுதிக்காரர்கள் அதையே 'தே' என்பார்கள். நம் தேயிலையில் உள்ள 'தே' அந்த வழியில் வந்தது.

ஹாங்காங் 1997 வரை பிரிட்டிஷார் கையில் இருந்தது. பால் சேர்த்த டீ, வெண்ணெய் தடவிய ரொட்டி எல்லாம் துரைமார் பழக்கம். பெரிய ஹோட்டலில் கிடைக்கும், கூலிக்காரன் கிட்டே போக முடியாது. உலகப் போர் முடிந்து, 1949-ல் சீனாவில் ஆட்சியும் மாற, இலட்சக்கணக்கில் மக்கள் ஹாங்காங்கில் வந்து குவிந்தார்கள். அவர்கள் காசுக்கும் நாக்குக்கும் ஏற்றபடி துரை சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தவைதான் இந்தக் கடைகள். வெள்ளைக்காரனைக் காப்பியடித்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டீ போடும் முறையைப் பார்த்தாலே தெரியும்.

தூள் ஒரே வகை கிடையாது. பெரிய இலைத்தூள் மணத்துக்கு, பொடித்தூள் நிறத்துக்கும் திடத்துக்கும். இரண்டையும் கலந்து, நீண்ட துணிப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றிக் கொதிக்க விடுகிறார்கள். பிறகு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, அந்தப் பை வழியாகவே, பலமுறை உயரத் தூக்கி ஊற்றுவார்கள். நம்ம டீ மாஸ்டர் ஆத்துவது சூடு குறையவும் நுரை வரவும். அவர்கள் ஊற்றுவது தூளிலிருந்து சாறு முழுக்க இறங்க. துணி நாளாக நாளாகப் பழுப்பேறிப் பட்டுக் காலுறை மாதிரி ஆகிவிடுமாம். அதனால் 'காலுறை டீ' என்றே பெயர்! 1952-ல் தொடங்கிய 'லான் பாங் யுன்' என்ற கடை, இது எங்கள் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடுகிறது.

பால் 'எவாப்பரேட்டட் மில்க்'. தண்ணீரில் ஏறத்தாழ 60 சதவீதத்தை ஆவியாக்கி டின்னில் அடைத்தது. சர்க்கரை கிடையாது. டின்னைத் திறக்கும்வரை பிரிட்ஜ் தேவையில்லை. மாட்டுத் தொழுவமே அரிதான ஊருக்கு வேறென்ன வேண்டும்? டீயிலுள்ள துவர்ப்புப் பொருளைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்வதால், அவ்வளவு கடுமையான டிகாக்ஷனும் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. 2017-ல் இந்த டீ போடும் கலையை ஹாங்காங் அரசு தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்தத் தூள் பெரும்பாலும் எங்கிருந்து போனது தெரியுமா? இலங்கையிலிருந்து! கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். பறித்தது நம் ஜனங்கள். எங்க அம்மாச்சியும் அந்த மலையில் கொழுந்து எடுத்தவர்தான். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். "இலை எந்த ஊருக்குப் போகும் அம்மாச்சி?" என்று கேட்டேன். "யாருப்பா நமக்குச் சொன்னா? கூடை எடை சரியா இருக்கான்னுதான் பார்ப்பான்" என்றார். லயத்தில் இவர்கள் குடித்ததெல்லாம் பால் இல்லாத சாயத் தேத்தண்ணி. மேலே எழுதியதைப் படித்துக் காட்டியபோது, பட்டுக் காலுறை வரை பேசாமல் கேட்டுவிட்டு, "அந்தத் தூளுக்கா இவ்வளவு மரியாதை?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். 'அன்னாசி பன்'னில் அன்னாசி ஒரு துண்டுகூட இருக்காது. மேலே உள்ள சர்க்கரைப் பொருக்கு அன்னாசித் தோல்போல் வெடித்திருப்பதால் அந்தப் பெயர். சூடான பன்னைப் பிளந்து நடுவில் சில்லென்ற வெண்ணெய்த் துண்டு வைப்பார்கள். காலையில் மக்ரோனி சூப், முட்டை. காப்பியையும் டீயையும் ஒரே கோப்பையில் கலந்தால் 'யுன்யாங்'. ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் ஒரு வாத்து ஜோடியின் பெயர் அது. (நம் விடுதி மெஸ்ஸில் டீயா காப்பியா என்று தெரியாமல் ஒன்று வருமே, அது வேறு!)

கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர் எதிரில் வந்து உட்காருவார். யாரும் முகம் சுளிப்பதில்லை. சர்வர் எழுதும் சீட்டு நம் லேப் குறிப்பு மாதிரி இருக்கும். 'டி' என்றால் டீ, முன்னால் 'சி' போட்டால் குளிர்ந்தது. எலுமிச்சைக்கு ஒரு பூஜ்யம். ஏனென்றால் அவர்கள் பேச்சில் பூஜ்யம் 'லிங்', எலுமிச்சையின் முதல் அசையும் கிட்டத்தட்ட அதே ஓசை. ஆக, மூன்றே எழுத்தில் ஐஸ் எலுமிச்சை டீ.

ஐஸ் டீயில் ஒரு சிக்கல் உண்டு. ஐஸ் கரையக் கரைய டீ தண்ணீராகிவிடும். மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்குச் சில கடைகள் கண்ட வழிதான். டீக்குள் ஐஸ் போடாமல், ஐஸ் நிரப்பிய கிண்ணத்துக்குள் டீக் குவளையை இறக்கிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சூடு குவளைச் சுவர் வழியே வெளியேறுகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் கலப்பதில்லை. நாம் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பரீட்சைக்குப் படம் போடுகிறோமே, அது அங்கே மேசைமேல் இருக்கிறது.