ஆமத்தூரில் கதைப் புத்தகத்துக்கு ஒரு பீரியட்

சிவகாசி பக்கத்து ஆமத்தூர் போன்ற ஊரின் பள்ளியில் கதைப் புத்தகம் படிக்க நேரம் ஒதுக்க நினைத்தால், முதலில் நூலகப் பீரோவைத் திறந்துவிடுங்கள். பல பள்ளிகளில் நூலகப் புத்தகங்கள் தணிக்கைக்குப் பயந்தே பூட்டிக் கிடக்கின்றன. தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தலைமையாசிரியர் முதல் நாளே பதில் சொல்லிவிட வேண்டும்: கிழிந்தால் ஒட்டுவோம், தொலைந்தால் பதிவேட்டில் கழித்துவிடுவோம். இது தீராமல் வேறெதுவும் நகராது.

அடுத்து, தரம் பிரிப்பது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்திருக்கிறது. பீரோவில் உள்ளவற்றையும் ஊஞ்சல், தேன்சிட்டு சிறார் இதழ்களையும் அதே படிகளில் சேருங்கள். வகுப்பைப் பார்த்துப் புத்தகம் கொடுக்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் பையனை மேசையருகே அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொற்களில் தடுக்கினால் ஒரு படி கீழே. எல்லோர் முன்னாலும் இதைச் செய்தால் அவன் மறுநாள் புத்தகத்தைத் தொடமாட்டான்.

சுவரோரம் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு, புத்தகங்களை அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். பிள்ளைகளே எடுக்கட்டும், பிடிக்காவிட்டால் பாதியில் வைக்கட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் 20 நிமிடம் போதும். ஆசிரியரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்நேரம் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரம் பதிவதில் மூழ்கினால் போச்சு.

படித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். தமிழ்ப் பாடநூலின் விரிவானக் கதைக்குக்கூடப் பரீட்சை உண்டு, இதற்கு வேண்டாம். பெயர், புத்தகம், தேதி எழுத ஒரு நோட்டு போதும். வெறுமனே கதை படிப்பதால் பயன் உண்டா என்ற சந்தேகம் வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் பிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பு மற்றவர்களைப்போல இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது.

பிறகு வீட்டுக்குக் கொடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு ஆபீசிலிருந்து களைத்து வரும் அம்மாவிடம், உட்கார்ந்து படிக்க வையுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. அக்கா தம்பிக்கு வாசித்துக் காட்டினால் இருவருக்கும் லாபம்.

புத்தகம் தீர்ந்துவிட்டால் பிள்ளைகளையே எழுத வையுங்கள். சிவகாசி அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் தாளை மடித்துத் தைத்தால் எட்டுப் பக்கக் கதைப் புத்தகம் தயார். அதுவும் கொடியில் ஏறட்டும். ஊர் ஊருக்குக் காலண்டர் அடித்து அனுப்பும் அச்சகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கூச்சப்படாமல் போய் அந்தத் தாளைக் கேளுங்கள்.