வெள்ளியங்கிரிக்குப் போறியா? ஃபாயில் போர்வையும் எடுத்துக்கோ

மாசி பொறந்ததும் வெள்ளியங்கிரிக்கு ஆள் சேர்க்கிற பேச்சு உங்க ரூம்ல ஆரம்பிச்சிருக்கும். மூங்கில் தடி அடிவாரத்துல கிடைக்கும், டார்ச்சுக்கு போன் இருக்குன்னு அப்படியே கிளம்பிடாதடா தம்பி. பையில ஒரு எமர்ஜென்சி ஃபாயில் போர்வை போட்டுக்கோ. பளபளன்னு வெள்ளி நிறத்துல இருக்குமே, அதேதான். மடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கும், எடை 50, 60 கிராம்தான் வரும். பிரிச்சா கிட்டத்தட்ட ஏழடி நீளம்.

உச்சியில இருக்கிற ஏழாவது மலையில குளிருது குளிருதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. குளிரைவிட மோசம் உன் சட்டைதான். ராத்திரி முழுக்க ஏறி, வேர்வையில தொப்பலா நனைஞ்சு, சூரிய உதயம் பார்க்கணும்னு அதே சட்டையோட பாறையில உக்காருவீங்க. மேல காத்து சும்மா இருக்காது. நடக்கிறவரைக்கும் உடம்புல இருந்த சூடெல்லாம் கால் மணி நேரத்துல போயிடும். இந்தப் போர்வையோட வேலை அந்த உக்கார்ற நேரத்துலதான்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாதான் சரியா போர்த்துவே. மெல்லிசான பிளாஸ்டிக் தாள் மேல அலுமினிய ஆவியைப் படிய வச்சுச் செய்யிறாங்க. 1964-ல நாசாவோட விண்வெளி வேலைக்காக உருவானது. நம்ம வீட்டு ஃப்ளாஸ்க்குக்குள்ள கண்ணாடியில வெள்ளிப் பூச்சு இருக்கே, அந்த வேலையைத்தான் இதுவும் செய்யுது. உடம்பு வெளியே விடுற சூட்டைத் திருப்பி அனுப்பும், காத்தையும் தடுக்கும். ஆனா வெந்நீர் ஊத்தாத ஃப்ளாஸ்க்கு எதைச் சூடா வச்சிருக்கும்? இதுவும் தானா சூடு தராது. உடம்புல சூடு மிச்சமிருக்கும்போதே போர்த்திக்கணும். பல்லு தந்தியடிக்கிறவரைக்கும் வீராப்பா உக்காந்திருக்காதே.

முதல்ல ஈரச் சட்டையைக் கழட்டு. ஒரு காஞ்ச டீ-ஷர்ட்டை கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போ. ஃபாயிலைவிட அதுதான் முக்கியம்னு நான் சொல்லுவேன். அடுத்தது, வெறும் பாறையில உக்காராதே. தொட்டுக்கிட்டிருக்கிற கல்லு உறிஞ்சுற சூட்டை இந்தத் தாளால தடுக்கவே முடியாது. பையையோ மடிச்ச துண்டையோ அடியில போடு. அப்புறம் தலையைச் சேர்த்துப் போர்த்திக்கோ, மூஞ்சி மட்டும் வெளியே இருக்கட்டும். மேல ஸ்வெட்டரோ ஜாக்கெட்டோ இருந்தா ஃபாயிலை அதுக்குள்ள விட்டுக்கலாம், காத்துல பறக்காது. ஒரு பக்கம் தங்க நிறத்துல இருக்கிற போர்வையா இருந்தா, வெள்ளிப் பக்கமா தங்கப் பக்கமான்னு குழம்ப வேண்டாம். வெள்ளி உள்ளே, தங்கம் வெளியே இருந்தா தூரத்துல இருந்து ஆள் தெரியும், அவ்வளவுதான்.

இதுல காத்து புகாது, வேர்வையும் வெளியே போகாது. ரொம்ப நேரம் மூடியிருந்தா உள்ளே ஈரம் கோர்க்கும். அப்பப்போ கொஞ்சம் திறந்து விடு. போர்த்திக்கிட்டே மலை ஏறாதே, மறுபடி நனைஞ்சுதான் நிப்பே.

கூட வந்தவன் யாராவது நடுங்கி, பேச்சு குழறி, கால் தடுமாறினா வேடிக்கை பண்ணாதீங்க. உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போறதோட அறிகுறி அது. காஞ்ச துணி மாத்தி, போர்வைக்குள்ள உன் பக்கத்துல சேர்த்து உக்கார வை. நினைவு தெளிவா இருந்தா இனிப்பா சூடா ஏதாவது குடிக்கக் கொடு. கை கால அழுத்தித் தேய்க்காதே. நடுக்கம் நின்னுட்டா சரியாயிட்டான்னு அர்த்தம் இல்ல, நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தம். 112-க்குப் போன் போடு, சிக்னல் கிடைக்கலைன்னா ரெண்டு பேர் கீழே ஓடுங்க.

குளிர் இல்லாத நேரத்துலயும் இது உதவும். பகல்ல இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தா, நாலு தடியில உயரமா கட்டி அடியில உக்காரு. உடம்பு மேல சுத்திக்காதே, அவிஞ்சு போயிடுவே. வழி தவறினா வெயில்ல ஆட்டிக் காட்டு, பளிச்சுன்னு தூரத்துக்குத் தெரியும். மழை வந்தா பைக்கு உறை. கட்டுறதுக்குச் சேஃப்டி பின் வேண்டாம். சின்ன ஓட்டை விழுந்தா சர்ருன்னு கிழிஞ்சிடும். அகலமான டேப்பைத் தண்ணி பாட்டில் மேல நாலு சுத்து சுத்தி வச்சுக்கோ, அது போதும். அலுமினியத்துல கரண்ட் பாயும், அதனால யானைக்குப் போட்ட மின்வேலி பக்கம் கொண்டு போகாதே.

நெருப்புக்கிட்டயும் வேண்டாம். உருகி உடம்போட ஒட்டிக்கும். 2018 மார்ச்ல குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டினது உனக்கும் தெரியும். அந்த மாதிரி நேரத்துல இந்தத் தாள் கவசம் ஆகாது. அமெரிக்காவுல காட்டுத்தீ அணைக்கிறவங்க வச்சிருக்கிற வெள்ளிக் கூடாரம் சிலிக்கா துணி, கண்ணாடி இழை எல்லாம் சேர்த்துச் செஞ்ச வேற பொருள். பளபளப்பு ஒண்ணா இருக்குன்னு நம்பி நிக்காதே.

கிழிஞ்சாலும் கீழே கொண்டு வந்துடு. இதுவும் பிளாஸ்டிக்தான், மானும் மாடும் வாய் வைக்கும்.

வாங்கும்போது ரெண்டா வாங்கு. ஒண்ணை வீட்லயே பிரிச்சுப் போர்த்திப் பாரு. ஒருதடவை பிரிச்சா பழைய மடிப்புக்குத் திரும்பாது, அதனால மலைக்குப் புதுசைக் கொண்டு போ. அந்தச் சரசரப்பு சத்தத்துல தூக்கம் வராதுங்கிறதும் அப்பவே தெரிஞ்சிடும். அம்மா பார்த்தா, "இதுவாடா போர்வை?"ன்னு பீரோவுல இருக்கிற கம்பளிச் சால்வையை எடுத்துக் கொடுப்பாங்க. வெயிட்டுன்னு சொல்லி வச்சுட்டுப் போயிடாதே. சால்வையைப் போர்த்தி, அதுக்கு மேல ஃபாயிலைச் சுத்திக்கோ.