வின் இலக்கம் சரியா? சிறு நிரலில் பார்க்கலாம்

வாகனத்தின் 17 இட வின் இலக்கத்தில் 9ஆம் இடத்தில் நிற்பது சோதனை இலக்கம். மற்ற 16இல் ஒன்றை மாற்றி எழுதினால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். பைதான் ஓரளவு தெரிந்தவருக்குச் சில வரி வேலைதான்.

1. இந்தக் கணக்கு உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அமெரிக்கா, கனடா, சீனா ஆகிய நாடுகளின் விதிகள் சோதனை இலக்கத்தைக் கட்டாயமாக்குகின்றன. யப்பானில் பாவித்து யாழ்ப்பாணம் வந்த ஹையேஸ் வானின் செசி நம்பர் நடுவில் ஒரு சிறு கோட்டோடு, 17 இடத்துக்குக் குறைவாகவே இருக்கும். 17 இட முறை அமெரிக்காவில் 1981 மொடல்களோடுதான் கட்டாயமானது; ஆகவே பழைய ஏ40 காரில் அதைத் தேடவேண்டாம். இந்தியாவில் செய்த பஜாஜ் முச்சக்கர வண்டிக்கு 17 இடம் உண்டு, ஆனால் 9ஆம் இடம் சோதனை இலக்கமாக இருக்கவேண்டும் என்றில்லை. நிரல் 'பிழை' என்றதும் விற்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ரொறன்ரோவில் கார் வாங்கப்போகும் மச்சான் இலக்கத்தை அனுப்பினால் தயங்காமல் போட்டுப் பாருங்கள்.

2. இடைவெளிகளை நீக்கி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குங்கள். 17 இடம் இல்லையென்றாலோ, ஐ, ஓ, கியூ இருந்தாலோ நிரல் அங்கேயே நிற்கவேண்டும். ஓவைத் தானாகப் பூச்சியமாக்கக் கூடாது. இலக்கத்தை மறுபடி கேட்டு வாங்குங்கள்.

3. எழுத்தை எண்ணாக்குங்கள். ஏ முதல் ஐ வரை 1–9, ஜே முதல் ஆர் வரை 1–9, எஸ் முதல் இசட் வரை 2–9. எஸ் 1 அல்ல, 2! நீண்ட அட்டவணை எழுதி மினக்கெடவேண்டாம்: 26 எழுத்துகளை ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியில் 12345678912345678923456789 என்று வையுங்கள். எழுத்தின் இடத்தைப் பிடித்தால் எண் கிடைக்கும்.

4. ஒவ்வோர் எண்ணையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 8, 7, 6, 5, 4, 3, 2, 10, 0, 9, 8, 7, 6, 5, 4, 3, 2. 9ஆம் இடத்தை வெட்டிவிடாதீர்கள். அதன் எடைதான் 0. கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து வரும் மீதியே சோதனை இலக்கம். மீதி 10 என்றால் எக்ஸ்.

5. 17 இடத்திலும் 1 போட்டுச் சோதியுங்கள்: கூட்டுத்தொகை 89, மீதி 1. பிறகு முதல் 1ஐ மட்டும் எஸ் ஆக்குங்கள்: 97, மீதி 9. இரண்டும் வந்தால் நிரல் சரி.

ஏயும் ஜேயும் ஒரே மதிப்பு. அவை மாறினால் இந்தக் கணக்குப் பிடிக்காது. களவெடுத்த வண்டியையும் பிடிக்காது. ஆகவே காசு கைமாற முன்னர், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள இலக்கத்தையும் பத்திரத்தில் உள்ளதையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டே தீருங்கள்.