மாறாத சூடும் ஓயாத ஓட்டமும்

கேள்வி: மாற்றத்தைக் கூறுவதற்கென்றே ஏற்பட்ட வகைக்கெழுச் சமன்பாட்டில், காலத்தால் விளையும் மாற்றத்தைப் பூஜ்யமென்று வைத்து மாறாநிலைத் தீர்வு காண்பது முரண் அல்லவா?

பதில்: முரண் அன்று. பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே 1822-இல் நூலாக வெளியிட்ட வெப்பக் கடத்தல் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கங்களில் வெப்பம் கசியாதபடி நன்கு பொதியப்பட்ட செப்புக் கம்பியொன்றின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்துவிட்டால், அது ஆதியில் எவ்விடத்தில் எவ்வளவு சூடாயிருந்தது என்னும் பூர்வ விருத்தாந்தமெல்லாம் சிறிது சிறிதாக அழிந்து, 100 டிகிரியிலிருந்து 0 வரை நேர்கோடாக இறங்கும் உஷ்ண அமைப்பொன்றே இறுதியில் எஞ்சி நிற்கும். நடுவில் 50 டிகிரி. கால வகைக்கெழு பூஜ்யமானதும் தூரத்தைப் பற்றிய இரண்டாம் வகைக்கெழுவும் பூஜ்யமாகிவிடுவதே நேர்கோட்டுக்குக் காரணம். ஆனால் வெப்பம் நின்றுவிட்டதென்று எண்ணலாகாது: ஒவ்வொரு துண்டிலும் வரவும் செலவும் சமமாயிருப்பதால் சூடு மாறவில்லையே தவிர, ஓட்டம் ஓயவேயில்லை. (கம்பியின் நீளத்தை இரட்டித்தால் இந்நிலையை அடையும் காலம் நான்கு மடங்காகும், அவசரக்காரர்கள் குட்டைக் கம்பியை நாடுவார்களாக.)

இன்னொன்று. பூஜ்யமென்று வைப்பதால் தங்கக்கூடிய இடங்கள் தெரியுமேயன்றி, அங்கே போய்ச் சேருமா என்பது தெரியாது. பெல்ஜியத்து வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் தந்த ஜனத்தொகைச் சமன்பாட்டில் பூஜ்யமும் ஒரு தீர்வு, உச்சவரம்பும் ஒரு தீர்வு. ஆயினும் சிலரேனும் இருந்துவிட்டால், தொகை பூஜ்யத்தை விட்டு விலகி வரம்பையே நாடும். ஆகவே, கிடைத்த தீர்வைச் சற்றே அசைத்து, அது திரும்பி வருகிறதா என்று சோதித்த பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள்.